பின்னட்டை வாசகம், நட்சத்திரம், மதிப்புரை: புத்தகம் தேர்ந்தெடுக்க எதை எவ்வளவு நம்பலாம்?

ஓலைக்கட்டு (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. ஒரு வாசகர் குழுவின் பொது அலமாரிக்கு மாதம் நான்கு புத்தகம் தேர்ந்தெடுக்க வேண்டும்: புனைவு இரண்டு, மொழிபெயர்ப்பு ஒன்று, அபுனைவு ஒன்று. எல்லாவற்றையும் முழுக்கப் படித்துவிட்டு வாங்குவது நடக்காத காரியம். கைவசம் இருப்பவை பின்னட்டை வாசகம், இணையத்தில் வாசகர் போடும் நட்சத்திரம், இதழ்களில் வரும் மதிப்புரை, இவ்வளவுதான்.

மூன்றும் மூன்று பக்கம் இழுக்கின்றன. பின்னட்டை ‘தவறவிடக் கூடாத படைப்பு’ என்கிறது. வாசகர் சராசரி 3.4 காட்டுகிறது. மதிப்புரையோ கதைச்சுருக்கம் சொல்லி, ஆசிரியரை வாழ்த்தி முடிந்துவிடுகிறது.

பின்னட்டையில் இருப்பதை யார் எழுதுகிறார்கள், அதில் எந்தப் பகுதியை நம்பலாம்? 30 பேர் போட்ட 4.3, 2000 பேர் போட்ட 3.9, இரண்டில் எதற்கு எடை அதிகம்? காசு கொடுத்தோ நட்புக்காகவோ எழுதப்பட்டதைக் கண்டுபிடிக்க வழி உண்டா? குறை சொல்லும் மதிப்புரைதான் நேர்மையானது என்கிறார்களே, அது சரியா?

‘எல்லாம் விளம்பரம்’ என்றோ ‘ரசனை அவரவருக்கு’ என்றோ முடித்துவிடாமல், செய்து பார்க்கக்கூடிய வழியாகச் சொன்னால் பெரிய உதவி.

---

மெய்ப்பு

பின்னட்டையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதில் பொதுவாக மூன்று வகைச் சரக்கு கலந்திருக்கும். பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

முதல் வகை நூல் குறிப்பு. யார் பெயரும் இல்லாமல் 80 முதல் 150 சொல்லுக்குள் இருக்கும். பதிப்பகத்தின் ஆசிரியர் குழு எழுதும். சின்னப் பதிப்பகமென்றால் நூலாசிரியரே எழுதிக் கொடுத்துவிடுவதும் உண்டு. பல நேரம் விற்பனைப் பட்டியலுக்காக, மெய்ப்பு (அச்சுக்கு முந்தைய பிழைதிருத்தம்) முடிவதற்கு முன்பே எழுதப்படும். அதனால்தான் சில புத்தகங்களில் பின்னட்டையில் ஒரு பெயரும் உள்ளே வேறு பெயரும் இருக்கும். இந்தக் குறிப்பை வகை, காலம், களம், தொடக்கச் சிக்கல் ஆகிய நான்குக்கு நம்பலாம். கதை எப்படி வளர்கிறது, எப்படி முடிகிறது என்பதை அது சொல்லவே முடியாது. முதல் கால்பகுதியைத் தாண்டினால் கதையைப் போட்டு உடைத்ததாகிவிடும். இந்த எல்லையை நினைவில் வையுங்கள், மதிப்புரை படிக்கும்போது உதவும்.

இரண்டாவது, இன்னொரு எழுத்தாளர் பெயரோடு வரும் பாராட்டு. இது தானாக வருவதில்லை, கேட்டு வாங்குவது. வெளியீட்டுக்குச் சில மாதம் முன்பு மெய்ப்புப் படியோ பிடிஎஃப்போ போகும், கூடவே ‘இரண்டு வரி எழுதித் தாருங்கள்’ என்று ஒரு வேண்டுகோளும் போகும். பிடிக்காதவர் மறுத்துவிடுவார் அல்லது பதில் போடமாட்டார். ஆகவே அட்டைக்கு வந்து சேர்வது எப்போதும் வடிகட்டியதுதான். பத்துப் பேரிடம் கேட்டு மூன்று பேர் எழுதியிருந்தால் அந்த மூன்றைத்தான் பார்க்கிறோம், மற்ற ஏழு பேரின் மௌனம் அச்சேறாது. பணம் கைமாறுவது அரிது. ஆனால் ஒரே பதிப்பகம், ஆசிரியர்–மாணவர் உறவு, ‘அவர் எனக்கு எழுதினார், நான் அவருக்கு’ என்கிற கடன் எல்லாம் உள்ளே இருக்கும். 2025 ஜனவரியில் சைமன் அண்ட் ஷூஸ்டர் என்ற பெரிய அமெரிக்கப் பதிப்பகத்தின் முதன்மைப் பதிப்புப் பிரிவின் தலைவர், எழுத்தாளர்கள் இப்படிப் பாராட்டு சேகரித்துத் தரவேண்டும் என்ற எதிர்பார்ப்பை இனி வைக்கப்போவதில்லை என்று வெளிப்படையாக எழுதினார். அவர் சொன்ன காரணம், இந்த முறை திறமையைவிடத் தொடர்புகளுக்கே அதிகம் பலன் தருகிறது என்பது.

இதைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். புத்தகத்தின் நன்றியுரைப் பக்கத்தைத் திறந்து, அட்டையில் பாராட்டியவரின் பெயர் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பொய் என்று அர்த்தமில்லை. உறவு தெரிந்த பாராட்டு என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, பாராட்டு இந்தப் புத்தகத்துக்கா, ஆசிரியரின் முந்தைய புத்தகத்துக்கா என்று பாருங்கள். ‘முந்தைய நூல் குறித்து’ என்பது மிகச் சிறிய எழுத்தில் இருக்கும்.

மூன்றாவது வகைதான் அதிகம் ஏமாற்றுவது: வெளிவந்த மதிப்புரையிலிருந்து வெட்டியெடுத்த வரி. மாதிரிக்கு இப்படி ஒரு மதிப்புரை வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“முதல் நூறு பக்கங்களில் அசாத்தியமான வேகம், அதன்பிறகு ஆசிரியருக்கே கதை கைநழுவிவிட, நுட்பமான மொழி மட்டும் தனியே மிதக்கிறது.”

அட்டையில் இது “அசாத்தியமான வேகம்… நுட்பமான மொழி” என்று வரும். ஒரு சொல்கூடப் பொய்யில்லை, தீர்ப்பு தலைகீழாகிவிட்டது. மூன்று புள்ளி கண்ட இடத்தில் நின்றுவிடுங்கள். அதிலுள்ள நான்கைந்து சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டு, இதழின் பெயரையும் சேர்த்துத் தேடினால் மூலம் பெரும்பாலும் கிடைக்கும். ஒற்றைச் சொல் பாராட்டு, ‘அபாரம்!’ மாதிரி, எழுதியவர் பெயரில்லாமல் இதழ் பெயர் மட்டும் இருந்தால் அதற்கு எடை பூஜ்யம்.

விருது வரிகளிலும் கவனம் வேண்டும். ‘நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்’ என்று போட்டிருந்தால் தள்ளிவிடுங்கள். நோபல் பரிந்துரைகள் 50 ஆண்டுக்கு மூடி வைக்கப்படுபவை. உயிரோடு இருக்கும் எழுத்தாளரைப் பற்றி இதை யாரும் அதிகாரபூர்வமாகச் சரிபார்க்க முடியாது. அமெரிக்காவின் புலிட்சர் பரிசுக்கு யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் புத்தகம் அனுப்பலாம். அனுப்பியதையே ‘பரிந்துரை’ என்று போட்டுக்கொள்கிறார்கள். பரிசுக் குழு அறிவிப்பது வெற்றியாளரையும் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களையும்தான். புக்கர் மாதிரிப் பரிசுகளில் நெடும்பட்டியல், குறும்பட்டியல் இரண்டையும் பொதுவில் வெளியிடுகிறார்கள், உடனே பார்த்துவிடலாம். ‘நம்பர் 1 விற்பனை’ என்றால் எந்தப் பட்டியலில், எந்த வாரம் என்று கேளுங்கள். இணையக் கடைகளில் மிகக் குறுகிய உட்பிரிவு ஒன்றில் சில மணி நேரம் முதலிடம் பிடிக்க அதிகப் பிரதி விற்க வேண்டியதில்லை. நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் மொத்தக் கொள்முதல் கலந்திருப்பதாகத் தெரிந்தால் அந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு குத்துவாள் குறி போடுகிறார்கள். அட்டையில் அந்தக் குறி வராது.

---

கரையான்67

நட்சத்திரக் கணக்குக்கு வருகிறேன்.

எண்ணிக்கை முதலில். 12 பேர் போட்டு சராசரி 3.5 உள்ள புத்தகத்துக்கு மூன்று நண்பர்கள் வந்து ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் 3.8 ஆகிவிடும். அதே மூன்று பேர் 400 பேர் போட்ட 3.5-இல் வந்து சேர்ந்தால் 3.51. ஆகவே 30 பேரின் 4.3 ‘அதிக மதிப்பெண்’ அல்ல, ‘இன்னும் முடிவாகாத மதிப்பெண்’. என் அளவுகோல்: 50-க்குக் கீழே சராசரியைப் பார்க்கவே வேண்டாம், எழுத்தில் இருக்கும் கருத்தை மட்டும் படியுங்கள்.

முதலில் வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த எழுத்தாளரின் தீவிர வாசகர்கள். அதனால் ஆரம்ப மதிப்பெண் ஏறியிருந்து பிறகு இறங்குவது வழக்கம். புத்தகங்களை வைத்தே 2008-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. விருது கிடைத்தபின் சராசரி குறைவதும் உண்டு. 2014-இல் வந்த இன்னோர் ஆய்வு, பரிசு வென்ற புத்தகங்களையும் குறும்பட்டியலோடு நின்றவற்றையும் ஒப்பிட்டு, வென்றவற்றின் வாசக மதிப்பெண்தான் அறிவிப்புக்குப் பின் அதிகம் சரிந்ததைக் காட்டியது. விருதைப் பார்த்து, அந்த வகை எழுத்தில் நாட்டமில்லாதவர்களும் வாங்கிப் படிப்பதுதான் முக்கியக் காரணம். விருது பெற்ற புத்தகத்தின் 3.6-ஐ விருது பெறாததன் 3.6-ஓடு அப்படியே ஒப்பிடாதீர்கள்.

அளவுகோலும் தளத்துக்குத் தளம் வேறு. வாசகர் தளமான குட்ரீட்ஸில் 2 என்றால் ‘பரவாயில்லை’, 3 என்றால் ‘பிடித்தது’, 4 ‘மிகவும் பிடித்தது’, 5 ‘அற்புதம்’. பொருள் விற்கும் கடைத்தளத்தில் 3 கொடுப்பவர் பெரும்பாலும் ‘சுமார்’ என்ற அர்த்தத்தில் கொடுக்கிறார். குட்ரீட்ஸில் 3.9, கடைத்தளத்தில் 4.3 என்றால் இரண்டும் ஒரே கருத்தாக இருக்க வாய்ப்புண்டு.

சராசரியைவிட, எந்த நட்சத்திரத்தை எத்தனை பேர் போட்டார்கள் என்று காட்டும் பட்டைகளின் வடிவம் அதிகம் சொல்லும். 3, 4-இல் மேடு கட்டியிருந்தால் நிதானமான புத்தகம், பெரிய ஏமாற்றம் இராது. 5-இலும் 1-இலும் இரண்டு கொம்பு மாதிரி நின்றால் ஏதோ ஒன்று வாசகரை இரண்டாகப் பிரிக்கிறது. அது என்னவென்று தெரிந்துகொள்ளாமல் வாங்கக் கூடாது. எல்லாமே 5, மொத்தமே 18 பேர் என்றால் இன்னும் வேண்டியவர் வட்டத்தைத் தாண்டவில்லை.

எழுத்தில் இருப்பதைப் படிக்கும் வரிசை: 3 நட்சத்திரக் கருத்தில் ஐந்து, 2-இல் மூன்று, 4-இல் மூன்று. ஐந்தையும் ஒன்றையும் கடைசியில் பாருங்கள். 3 போட்டவர்தான் ‘இது நன்று, ஆனால் இது இல்லை’ என்று எழுதியாக வேண்டிய இடத்தில் இருக்கிறார். ஒரு நட்சத்திரத்தைப் படிக்கும்போது புத்தகத்தின் குறையா, பிரதியின் குறையா என்று பிரியுங்கள். ‘அட்டை கிழிந்து வந்தது’, ‘எழுத்து பொடியாக இருக்கிறது’, ‘மின்னூலில் பக்கம் உடைகிறது’ எல்லாம் எந்தப் பதிப்பை வாங்கலாம் என்பதற்கு உதவும், எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ‘விவரணை அதிகம்’, ‘மெதுவாகப் போகிறது’ மாதிரிக் குறைகள் உங்கள் குழுவுக்குக் குறையா நிறையா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

போலியைக் கண்டுபிடிக்க நான்கு இடம் பார்க்கலாம். தேதி: வெளியான முதல் மூன்று நாளில் பாதிக் கருத்து குவிந்து, பிறகு வறண்டிருக்கிறதா? ஆள்: பெயரைச் சொடுக்கினால் ஒரே வாரத்தில் 40 புத்தகம், எல்லாவற்றுக்கும் 5, அல்லது வாழ்நாளில் இந்த ஒரே ஒரு கருத்து. உள்ளடக்கம்: பின்னட்டையில் இல்லாத ஒரு செய்தியாவது இருக்கிறதா? மெய்ப்பு சொன்ன முதல் கால்பகுதி எல்லை இங்கேதான் பயன்படும். அதைத் தாண்டி ஒரு பாத்திரம், ஒரு திருப்பம், ஒரு அத்தியாயத்தின் தொய்வு பற்றிப் பேச்சே இல்லையென்றால் படிக்காமல் எழுதியது என்றே எடுத்துக்கொள்ளலாம். இயந்திரம் எழுதியதும் இந்தச் சல்லடையில்தான் சிக்கும், ஏனென்றால் அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் பின்னட்டை வாசகம் மட்டுமே. நான்காவது, அறிவிப்பு: ‘விமர்சனப் பிரதி இலவசமாகப் பெற்றேன்’ என்று போட்டிருப்பவர் மறைக்கிறவரைவிட நம்பத்தக்கவர்.

‘வாங்கியது உறுதி’ என்ற முத்திரை வாங்கினார் என்பதற்குச் சாட்சி, படித்தார் என்பதற்கு அல்ல. புத்தகம் வெளிவரும் முன்பே நட்சத்திரம் போட வசதியுள்ள தளங்களில் இந்தக் கேடு இன்னும் பெரிது. 2023 ஜூனில் அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட் தன் புதிய நாவலின் வெளியீட்டையே நிறுத்திவைத்தார்; கதை ரஷ்யாவில் நடக்கிறது என்பதற்காக, யாரும் படிக்காத புத்தகத்துக்கு ஒற்றை நட்சத்திரங்கள் குவிந்திருந்தன.

காசுக்கு எழுதும் மதிப்புரை எல்லாமே ஒளிவுமறைவானது அல்ல. 1933-இல் தொடங்கிய அமெரிக்க மதிப்புரை இதழான கிர்கஸ், சுயமாக வெளியிடும் எழுத்தாளர்களிடம் கட்டணம் வாங்கி மதிப்புரை எழுதித்தரும் பிரிவை வெளிப்படையாகவே நடத்துகிறது. அங்கே பாராட்டுக்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால் பிடிக்காத மதிப்புரையை வெளியிடாமல் வைத்துக்கொள்ள எழுத்தாளருக்கு உரிமை உண்டு. எனவே நம் கண்ணில் படுவது மறுபடியும் வடிகட்டியதுதான். போலிக் கருத்துகளை அமெரிக்கா 2024 அக்டோபரிலிருந்தும் பிரிட்டன் 2025 ஏப்ரலிலிருந்தும் சட்டப்படி தடை செய்திருக்கின்றன. நட்புக்காக ஒரு நட்சத்திரம் கூட்டிப் போடுவதைப் பிடிக்கும் சட்டம் ஏது?

---

ஓலைக்கட்டு

இருவருக்கும் மிக்க நன்றி. கரையான், ஒரு துணைக்கேள்வி. மொழிபெயர்ப்புப் புத்தகத்தின் கீழே நூற்றுக்கணக்கான கருத்து இருக்கிறது, ஆனால் மொழிபெயர்ப்பைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம். அது ஏன்?

---

கரையான்67

பல தளங்கள் ஒரே தலைப்பின் எல்லாப் பதிப்புகளையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுகின்றன. மூலமொழியில் படித்தவர், வேறொருவர் மொழிபெயர்ப்பைப் படித்தவர், சுருக்கப் பதிப்பைப் படித்தவர் எல்லாரும் போட்ட நட்சத்திரம் நீங்கள் பார்க்கும் பிரதியின் கீழே தெரியும். பழைய செவ்வியல் நாவல்களில் இது மிக மோசம். ஆகவே மொழிபெயர்ப்புக்கு அந்தச் சராசரியை எடுக்கவே கூடாது. பதிப்பு வாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் கருத்துகளுக்குள் மொழிபெயர்ப்பாளர் பெயரைத் தேடுங்கள்.

பிறகு உரிமைப் பக்கம். மூலத் தலைப்பு, மூலமொழி, முதல் வெளியீட்டு ஆண்டு, எந்த மொழி வழியாக வந்தது என்ற நான்கும் இருக்கிறதா? ரஷ்ய நாவல் ஆங்கிலம் வழியாக வந்திருந்தால் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாத பதிப்பில் மற்ற விஷயங்களிலும் அக்கறை குறைவாகத்தான் இருக்கும். உரையாடல் நிறைந்த ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வர்ணனையில் ஒளிந்துகொள்ளும் தடுமாற்றம் பேச்சில் வெளிப்பட்டுவிடும்.

---

சிறப்புப்பாயிரம்

மெய்ப்பு சொன்ன உறவுமுறைச் சிக்கல் புதிதல்ல. அட்டைப் பாராட்டைக் குறிக்கும் ‘பிளர்ப்’ என்ற ஆங்கிலச் சொல் 1907-இல் ஓர் அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் தன் புத்தக உறைக்காக உண்டாக்கியது. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே நன்னூல் இதற்கு இலக்கணம் வகுத்துவிட்டது. இந்தக் கேள்விக்கு அதுவே நேரடியாகப் பயன்படும் கருவி என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

‘தான் தற்புகழ்தல் தகுதி அன்றே’ என்கிறார் அதன் ஆசிரியர் பவணந்தி. நூலாசிரியன் தன்னைத் தானே புகழக் கூடாது, ஆகவே நூலை அறிமுகப்படுத்தும் முன்னுரையான சிறப்புப்பாயிரத்தை வேறொருவர்தான் சொல்ல வேண்டும். யார் சொல்லலாம்? அவனுடைய ஆசிரியன், அவனோடு படித்தவன், அவன் மாணாக்கன், தகுதியுள்ள உரைகாரன் என்று நால்வர். நால்வருமே உள்வட்டம் என்பதை இலக்கணம் மறைக்கவில்லை. நூலை நன்றாக அறிந்தவர் அவர்கள்தான். அதனால்தான் அவர்கள் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அது சேர்த்தே வரையறுக்கிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். எட்டு. காலம், களன், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு. இந்த எட்டில் ‘அருமை’ என்பதற்கு இடமே இல்லை. எல்லாம் தகவல்.

இன்றைய பின்னட்டைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். வழி என்றால் எந்த மரபை அல்லது எந்த மூலத்தைப் பின்பற்றுகிறது. எல்லை என்பது நூல் வழங்கும் நிலப்பரப்பு. இன்றைக்கு எந்த வட்டார மொழியில் எழுதப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். யாப்பு, நூல் எப்படி ஆக்கப்பட்டது: தொகுத்ததா, விரித்ததா, இரண்டுமா, மொழிபெயர்த்ததா. ஆம், மொழிபெயர்ப்பை ஒரு யாப்பு வகையாகவே நன்னூல் எண்ணுகிறது. கேட்போர் என்றால் யாருக்காக எழுதப்பட்டது, முன்னறிவு எவ்வளவு வேண்டும்.

கற்பனையாக இரண்டு பின்னட்டை எழுதிப் பார்ப்போம்.

“மனித மனத்தின் ஆழங்களைத் துழாவும் இந்நாவல் காலத்தின் கண்ணாடியாகவும் வாழ்வின் வலிகளைப் பேசும் குரலாகவும் ஒலிக்கிறது. படித்து முடித்த பின்னும் நெடுநேரம் நெஞ்சை விட்டு அகலாது.”

“நெசவுக் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறை, 1950 முதல் 1985 வரை. பேத்தி எழுதும் நாட்குறிப்பாகவும் தாத்தாவின் கடன் கணக்காகவும் மாறி மாறிச் செல்லும் நாவல். வட்டார வழக்கு மிகுதி. இறுதியில் சொல்லடைவு உண்டு.”

முதலாவதில் பெயர்கள் போக எட்டில் ஒன்றுகூட இல்லை. அதை வெட்டி வேறெந்த நாவலின் அட்டையில் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது ஒரு பாராட்டும் சொல்லவில்லை, ஆனால் பொருள், காலம், யாப்பு, எல்லை நான்கும் வந்துவிட்டன. முக்கியமாக, அதில் உள்ள ஒவ்வொன்றும் பொய்யாக இருந்தால் பிடிபட்டுவிடும்: சொல்லடைவு இல்லையென்றால் இல்லைதான். பிடிபடக்கூடிய வாக்கியத்துக்குத்தான் எடை கொடுக்க வேண்டும். பிடிபடவே முடியாத வாக்கியம் உண்மையானாலும் நமக்கு உதவாது.

ஆகவே பென்சிலை எடுத்து பின்னட்டையில் உரிச்சொற்களை எல்லாம் அடித்துவிடுங்கள். மிச்சத்தில் எட்டில் எத்தனை தேறுகிறது என்று எண்ணுங்கள். நான்குக்குக் குறைந்தால் அந்தப் பின்னட்டை இல்லாததாகவே நினைத்து மேலே போகலாம். புத்தகம் மோசம் என்று அதற்குள் முடிவு கட்டிவிடாதீர்கள். மகத்தான நாவல்களுக்கும் சோம்பேறிப் பின்னட்டை வாய்த்துவிடுகிறது.

---

அடிக்கோடு

‘குறை சொன்னால்தான் நேர்மை’ என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நேர்மைக்கும் குறை சொல்வதற்கும் தொடர்பு கிடையாது. பகையும், தன்னைப் பெரியவனாகக் காட்டும் ஆசையும் குறை சொல்லும் மதிப்புரையை எழுதவைக்கும். நியூயார்க் டைம்ஸ் மதிப்புரைகளை வைத்து 2010-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், எதிர்மறை மதிப்புரை வந்தபின் பிரபல எழுத்தாளர்களின் விற்பனை சுமார் 15 சதவீதம் குறைந்தது. அறியப்படாத எழுத்தாளர்களுக்கோ சுமார் 45 சதவீதம் கூடியது. திட்டு மறந்துபோகிறது, பெயர் நினைவில் தங்கிவிடுகிறது. ஆக, எதிர்மறை மதிப்புரையும் ஒருவகை விளம்பரமாகிவிடக்கூடும்.

மதிப்புரையில் பார்க்க வேண்டியது வேறு. குறை எங்கே இருக்கிறது என்று இடம் சுட்டியிருக்கிறதா? ‘நடை தட்டையாக இருக்கிறது’ என்பது கருத்து. ‘மூன்றாம் பகுதியில் எல்லாப் பாத்திரங்களும் ஆசிரியர் குரலிலேயே பேசுகிறார்கள்’ என்று எழுதி, கூடவே நான்கு வரி மேற்கோள் கொடுத்தால் அது சான்று. மேற்கோள் இருந்தால் மதிப்புரையாளர் சொல்வதை நம்ப வேண்டியதே இல்லை, நாமே படித்து முடிவு செய்யலாம். அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் 1975-இல் மதிப்புரையாளருக்கென எழுதிய விதிகளில் இது ஒன்று: வாசகன் தானே ருசி பார்க்கும் அளவுக்கு நேரடி மேற்கோள் கொடு. இன்னொன்று, ஆசிரியர் செய்ய முயலாததைச் செய்யவில்லை என்று குறை சொல்லாதே. துப்பறியும் கதையில் தத்துவம் இல்லை என்று வருந்தும் மதிப்புரையைப் பார்த்தால் இந்த விதி எவ்வளவு தேவை என்பது புரியும்.

கதைச்சுருக்கம் முக்கால் பங்கைத் தாண்டினால் அது மதிப்புரை அல்ல, அறிமுகம். அறிமுகத்துக்கும் பயன் உண்டு. அதை மதிப்பீடாக எடுத்துக்கொள்வதில்தான் தவறு. வெளியீட்டு விழாவில் பேசியதைக் கட்டுரையாக்கியிருந்தால் ‘இந்த அரங்கில்’, ‘நண்பர்’ மாதிரிச் சொற்கள் காட்டிக்கொடுத்துவிடும். மேடையில் வாழ்த்தத்தான் முடியும், அதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது மதிப்புரையாளரை அளந்து வைத்துக்கொள்வது. நீங்கள் ஏற்கெனவே படித்த ஐந்து புத்தகங்களுக்கு ஒருவர் எழுதியதைத் தேடிப் படியுங்கள். ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: புத்தகம், அவர் சொன்னது, குழு சொன்னது. ஐந்தில் நான்கு ஒத்துப்போனால் அவரைப் பின்தொடரலாம். ஐந்திலும் நேர் எதிராக இருந்தால் அவரும் அதே அளவு பயன்படுவார். அவர் ‘நீளம், நிதானம்’ என்று தள்ளியதை உங்கள் குழு கொண்டாடும். சில நேரம் ஒத்து, சில நேரம் மாறுகிறவரைத்தான் பயன்படுத்த முடியாது. இதற்குப் பெயர் போட்டு எழுதும் மதிப்புரை வேண்டும். டைம்ஸ் லிட்டரரி சப்ளிமென்ட் என்ற பிரிட்டிஷ் இதழ் 1974 வரை மதிப்புரையாளர் பெயரை வெளியிடாமலே இருந்தது. அப்படிப்பட்ட இதழில் இதழைத்தான் அளக்க முடியும், ஆளை அளக்க முடியாது. மாதம் நான்கு புத்தகத்துக்கு இப்படி அளந்த மூன்று பேர் போதும்.

---

மெய்ப்பு

அபுனைவைப் பற்றிச் சுருக்கமாக. அங்கே மதிப்புரையைவிடப் புத்தகத்தின் கடைசி முப்பது பக்கம் முக்கியம். அடிக்குறிப்பு, நூற்பட்டியல், பொருளடைவு இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு ஓரளவு தெரிந்த ஒரு விஷயத்தை அடைவில் தேடி, அந்தப் பக்கத்தை மட்டும் படியுங்கள். தெரிந்த இடத்தில் தப்பிருந்தால் தெரியாத இடத்தில் எப்படி நம்புவது? ‘மூன்றாம் பதிப்பு’ என்றிருந்தால் திருத்திய பதிப்பா, வெறும் மறு அச்சா என்று உரிமைப் பக்கத்தில் பாருங்கள். கணினி, மருத்துவம், சட்டம் என்றால் ஆண்டைப் பார்க்காமல் மதிப்புரையே படிக்க வேண்டாம். ஐந்தாண்டுக்கு முன் நியாயமாகக் கிடைத்த பாராட்டு இன்று காலாவதியாகியிருக்கும்.

---

ஓலைக்கட்டு

அடிக்கோடு சொன்ன மூன்று நெடுவரிசைத் தாளை இந்த மாதமே தொடங்குகிறோம். கடைசியாக ஒன்று: முதல் புத்தகம் எழுதியவர், சின்னப் பதிப்பகம், ஒரு மதிப்புரையும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. அப்படிப்பட்டதை என்ன செய்வது? இவ்வளவு சல்லடை வைத்தால் அவர்கள் வெளியேவே நின்றுவிடுவார்களே.

---

அடிக்கோடு

அப்படி நிற்கவிடக் கூடாது. நான்கில் ஒரு இடத்தை இவர்களுக்கென்றே ஒதுக்குங்கள், அந்த இடத்துக்கு எந்தச் சல்லடையும் வேண்டாம், பக்கம் மட்டும் போதும்.

முதல் பக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்லா எழுத்தாளரும் அதைத்தான் பத்து முறை திருத்தியிருப்பார்கள், இலவச மாதிரியாக இணையத்தில் கிடைப்பதும் அதுதான். மொத்தப் பக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு தாண்டிய இடத்தைத் திறங்கள். 240 பக்கம் என்றால் 160-ஐ ஒட்டி. ஆரம்ப உற்சாகம் வடிந்து, முடிவும் இன்னும் கண்ணில் படாத இடம் அது. தொடர்ந்து மூன்று பக்கம் படியுங்கள். யார் பேசுகிறார்கள் என்பது ‘என்றான்’, ‘என்றாள்’ இல்லாமலே தெரிகிறதா? ஒரே உவமை மாதிரி இரண்டு முறை வருகிறதா? நடந்ததைக் காட்டிவிட்டு அடுத்த வரியிலேயே அதற்கு விளக்கமும் எழுதுகிறாரா? எழுத்துப்பிழை மூன்று பக்கத்தில் நான்கைத் தாண்டினால் மெய்ப்பு பார்க்கவே ஆளில்லை என்று பொருள். அது பதிப்பகத்தின் குறை; அதற்காக எழுத்தாளரைத் தள்ளிவிடாதீர்கள்.

நாலாவது பக்கத்தைத் திருப்பத் தோன்றினால் வாங்குங்கள். படித்து முடித்ததும் குழுவில் ஒருவர் 200 சொல்லில், இடம் சுட்டி, மேற்கோளோடு ஒரு மதிப்புரை எழுதிப் பொதுவில் போடுங்கள். அந்தப் புத்தகத்துக்கு இணையத்தில் இருக்கும் ஒரே மதிப்புரை அதுவாகத்தான் இருக்கும்.